ஃபுட்வால்வு கேட்ட கேள்வி

காரிமங்கலம் சந்தைத் தெருவில் என் வாயால் அதிகம் திட்டு வாங்கிய ஆள் ஃபுட்வால்வுதான். கட்டின புருசனைக்கூட நான் அத்தனை திட்டியதில்லை. இன்னும் திட்டித் தீரவில்லை. மிச்சம் இருப்பதை இங்கே எழுதுகிறேன். எழுத்துக்கூட்டி எழுதுகிறவள் நான், மெதுவாகத்தான் வரும்.

அவன் மோட்டார் மெக்கானிக். யார் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் ஏறவில்லை என்றாலும் மேலே இருக்கிற மோட்டாரைத் தொடமாட்டான். குழாயின் அடியில், தண்ணீருக்குள் கிடக்கிற ஃபுட்வால்வைத்தான் முதலில் பார்ப்பான். “கீழ அடச்சிக்கிட்டா மேல எவ்ளோ கத்தினாலும் தண்ணி வராதுங்க” என்பான். அந்தப் பெயரே அவனுக்கு நின்றுவிட்டது.

அதோடு விட்டிருந்தால் எனக்கென்ன ஆத்திரம்? ஒரு நாள் மூக்கு ஒழுக ஒழுக, தருமபுரியில் ஒரு டாக்டரம்மா வீட்டுக்கு மோட்டார் மாட்டப் போனான். போன இடத்தில் அந்த அம்மாவிடமே, சளிக்குப் பவராக ஒரு மாத்திரை கொடுங்கள் என்று கேட்டிருக்கிறான். அந்த அம்மா பொறுமையாகச் சொல்லியிருக்கிறார்: இது வைரஸ் சளி, நீ கேட்கிற ஆன்டிபயாடிக் இதற்கு வேலை செய்யாது, வயிற்றுக்குள் நல்ல கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன, அவை நெஞ்சுச் சளியோடு சண்டை போடவும் உடம்புக்கு உதவுகின்றன என்கிறார்கள், தேவையில்லாத மாத்திரை அவற்றையும் சேர்த்துக் கொன்றுவிடும்.

நல்ல பேச்சுதான். ஆனால் போய்ச் சேர்ந்த காது யாருடையது! தெருவுக்குள் வரும்போதே கத்திக்கொண்டு வந்தான். “ஏங்க்கா, நான் சொல்லல? மனுசனுக்கும் ஃபுட்வால்வு கீழதான் இருக்குது!”

அன்றிலிருந்து தெருவில் ஒருத்தர் தும்மமுடியாது. இருமமுடியாது. எங்கிருந்தாலும் ஓடிவந்து நிற்பான். ஒரே கேள்வி: “வெளிக்கிப் போனீங்களா?”

சின்னவர் பெரியவர் பார்க்கமாட்டான். பஸ்ஸுக்கு நிற்கிற டீச்சரைக் கேட்டான். மாதா கோயிலுக்கு வந்த சாமியாரைக் கேட்டான். மெடிக்கலில் சளிக்குச் செட்டு மாத்திரை வாங்கிவந்தவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

என் மகளைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை துறுதுறுக்கிறது. கூடம் நிறைய ஆட்கள். தட்டில் வெற்றிலைபாக்கு. மாப்பிள்ளையின் அப்பா ஒரு தும்மல் போட்டார். கொல்லையில் எங்கள் மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்த இந்த மகராசன் கிரீஸ் கையோடு உள்ளே வந்துவிட்டான்.

“மாமா, இன்னைக்கி வெளிக்கிப் போனீங்களா?”

நான் கரண்டியை எடுத்துவிட்டேன். அதற்குள் அந்த மனிதர், “அத ஏன் கேக்கறப்பா! முந்தாநாளு போனதோட செரி” என்று நகர்ந்து உட்கார்ந்து இவனுக்கு இடம் விட்டார். என் மகளை யாரும் பார்க்கவில்லை. களி எத்தனை உருண்டை, மோர் எத்தனை சொம்பு, கம்மங்கூழ் புளித்ததா புளிக்காததா, இதே பேச்சு. கல்யாணம் நடந்தது. எழவு, இன்றைக்கும் என் சம்பந்தி என்னைப் பார்த்தால் மகளைப் பற்றி விசாரிப்பதற்கு முன்னால் அவனைத்தான் விசாரிப்பார்.

அதையும் பொறுத்தேன். பள்ளிக்கூடத்தில் செய்ததுதான் பொறுக்கமுடியாதது. பிள்ளைகளுக்குப் பூச்சி மாத்திரை கொடுக்க நர்ஸம்மா வந்திருந்தார். இவன் கேட்டின் முன்னால் கையை விரித்துக்கொண்டு நிற்கிறான். “நல்ல பூச்சியக் கொல்லாதீங்க! அதுதான் சளிக்குக் காவலு!”

நர்ஸம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. டாக்டரம்மா சொன்ன கிருமி, தருமபுரியிலிருந்து காரிமங்கலம் வருவதற்குள் இவன் மண்டையில் பூச்சியாகிவிட்டது.

“அடக் கூறுகெட்டவனே, இது நெளியற பூச்சி. கொழந்தையோட ரத்தத்தக் குடிக்கிறது. அந்தம்மா சொன்னது கண்ணுக்கே தெரியாத கிருமி. வேற வேறடா!”

“அப்ப எல்லாத்தயும் பூச்சி பூச்சின்னு எதுக்குங்க்கா சொல்றீங்க? எங்கம்மா எனக்குக் காய்ச்சல் வந்தாலும் பூச்சின்னுதான் சொல்லுச்சி!”

“உங்கம்மா இருந்திருந்தா உன்ன மரத்துல கட்டிவெச்சிருப்பா. வழிய விடுறா!”

காதைப் பிடித்து இழுத்துவந்தேன். நரைத்த தலை, வழுக்கை வேறு. காதுதான் பிடிக்கத் தோதாக இருந்தது.

போன மழைக்காலத்தில் தெருவே இருமியது. வைரஸ் காய்ச்சல் என்றார்கள். இவனுக்கும் வந்தது. எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், இவன் போகவில்லை. ஒண்டிக்கட்டை, கேட்க ஆளில்லை. நான் ரசம் கொண்டுபோனால், கட்டிலில் உட்கார்ந்து மூச்சை எட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறான். இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு. உதடு வெளுத்திருக்கிறது.

“கெளம்புடா ஆஸ்பத்திரிக்கி.”

“வேணாங்க்கா... காலையிலகூட... நல்லாப் போனேன். ஃபுட்வால்வு... கிளீனா இருக்குது. சளி... என்ன பண்ணிரும்?”

எனக்கு வந்த கோபத்தில் ரசம் கொட்டிவிட்டது. “கீழ கிளீனா இருந்தாப் போதுமாடா? மேல பைப்பு வெடிச்சிருந்தா, மெக்கானிக்கு நீ, என்னடா சொல்லுவ?”

எழுந்து செருப்பைத் தேடினான்.

தருமபுரியில் சேர்த்தோம். இன்னும் முன்னாலேயே வந்திருக்கலாம் என்றார்கள். சின்ன வயசு டாக்டரம்மா ஒருத்தரிடம் இவன் கூத்தையெல்லாம் சொல்லி அழுதேன், அழவில்லை, கத்தினேன். அவர் சொன்னார்: “அவர் சொன்னதுல கொஞ்சம் உண்மை இருக்குதும்மா. வயித்துக்கும் நெஞ்சுக்கும் தொடர்பு இருக்குது, ஆராய்ச்சி பண்ணிட்டுதான் இருக்காங்க. ஆனா வயிறு நல்லாருந்தா சளி ஒண்ணும் பண்ணாதுன்னு யாரும் சொல்லல.”

பாதி உண்மையைப் பிடித்துக்கொண்டு முழுசாகத் தொங்கியிருக்கிறான், பாவி.

மறுநாள் என்னை வார்டு வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அவன் அந்தக் கோடிக் கட்டிலில், மூக்கும் வாயும் மறைத்து மாஸ்க் மாட்டிக் கிடந்தான். வார்டு நிறைய ஆம்பளைகள், நர்ஸுகள், யாரோ ஒரு பெரிய டாக்டர். மானம் மரியாதையோடு வாழ்ந்த பொம்பளை நான். அங்கிருந்தே கத்தினேன்:

“டேய் ஃபுட்வால்வு! வெளிக்கிப் போனியாடா?”

வார்டே திரும்பியது. அவன் கண்ணைத் திறக்காமல் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். விரலில் கிரீஸ் கறை அப்படியே இருந்தது.

அதற்கப்புறம் அவன் வீடு திரும்பவில்லை. நல்ல வயிற்றோடு போனான். இதை எழுதும்போதுகூட எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

இப்போது எங்கள் தெருவில் யார் தும்மினாலும் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. ரொம்ப மரியாதையான தெருவாகிவிட்டது. நான்தான் சில நாள் காலையில் வாசலில் நின்று, வராத தும்மலைச் சத்தமாகப் போட்டுப் பார்க்கிறேன்.