படகெல்லாம் கரையில் கிடந்த நாள்

மாரியூரை விட்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு சாயல்குடிப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். நான்தான் கிளம்பியிருந்தேனே தவிர, என் குரல் ஊருக்குள்ளேயே இருந்தது. டீக்கடை, சலூன், வலைக்கொட்டகை என்று எல்லார் செல்போனிலும் நான் பேசிக்கொண்டிருந்தேன்.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். (விட்டது நானா, பள்ளிக்கூடமா என்பது வேறு பஞ்சாயத்து.) அய்யா காலத்தில் கடலுக்குப் போனவர் கரைக்கு வந்தால்தான் பேச்சு. எனக்கு ராமேஸ்வரம் விசைப்படகுகளில் வயர்லெஸ் வாய்த்தது. பட்டனை அமுக்கிப் பேச வேண்டும், விட்டால் பதில் வரும். படகெல்லாம் கரையில் கிடந்தால் கேட்க ஆளில்லை. பேசியது காற்றோடு போய்விடும்.

பிறகு மாரியூரில் ஐஸ் உடைக்கும் வேலை. முதல் டச் போன் வாங்கியதும் ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்துவிட்டார்கள். அதில் சம்மாட்டி (படகுச் சொந்தக்காரரை அப்படித்தான் சொல்வோம்) ஒருவரின் மகள் செல்வமேரி, தினமும் காற்று நிலவரத்தைப் பேசி அனுப்புவாள்.

அன்று, "காத்து பலமா இருக்கு, யாரும் கடலுக்குப் போகாதீங்க" என்றாள்.

எனக்குப் புத்தி வேலை செய்தது. ஒரு படகும் போகவில்லை. அப்படியென்றால் லைனில் அவளும் நானும் மட்டும்தான்!

பட்டனை அமுக்கினேன். "மேரி, நான் எந்த ஊர்லயும் நெலச்சு நின்னதில்ல. நீ சரின்னு சொன்னா இங்கனயே நின்னுருவேன். ஒங்க அய்யாட்ட கேக்கத்தான் பயமாருக்கு. ஓவர்."

பதில் எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து வந்தது. "ஏலே மாப்ள, நீ பயப்படாத! நாங்க கேட்டுச் சொல்றோம்!"

அப்புறம்தான் பையை எடுத்தேன்.

பாதி வழியில் பின்னாலிருந்து பைக் வந்து நின்றது. சம்மாட்டியேதான்.

"எங்கலே போற?"

"வேற ஊருக்கு, சம்மாட்டி."

"ஊரு சிரிச்சுட்டு அடுத்த சோலியப் பாக்கப் போயிரும். எம் மக அதையே திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டுக்கிட்டு இருக்கா. வீட்ல ஒக்கார முடியல. நேர்ல வந்து பேசித் தொல. ஏறு வண்டில!"

வாசலில் நின்ற மேரி என் பையை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தாள். அவ்வளவுதான் பதில்.

அந்தக் குரலை அவள் இன்னும் அழிக்கவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் எங்கள் மகள் அதைப் போட்டுக் காட்டிவிட்டு, "இப்ப அப்பா நேர்ல பேசிக் காட்டுவாக" என்கிறாள். அதற்குள் நான் பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவேன்.

மேரி என் பையை வாங்கி வைத்ததற்கு மறுநாள் காலையும் காற்று அடங்கவில்லை. கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த சம்மாட்டியின் வள்ளத்தில் பழைய பெயின்ட்டைச் சுரண்டும் வேலைக்குச் சேர்ந்தேன். எத்தனை நாள் வேலை என்று கேட்காமல் நான் சேர்ந்த ஒரே வேலை அதுதான்.