வெளிவராத விதிக்கு வந்த ஆட்சேபனை

கடிதம் ஒரே பத்திதான். துணை இயக்குநர் அதை நான்கு முறை படித்தார்.

‘ஹைட்ரஜன் நிரப்பு நிலையங்களுக்கான பாதுகாப்பு விதிகள். விதி ஒன்பது: கசிவின் வாசனை வந்தவுடன் ஊழியர் வால்வை மூட வேண்டும். ஐயா, ஹைட்ரஜனுக்கு வாசனையே கிடையாது. ஊழியர் எதை மோந்து பார்ப்பார் என்று தெரிவிக்கவும். இப்படிக்கு, மூன்றாம் தெருக்காரர்.’

ஆட்சேபனை வருவது புதிதில்லை. ஆனால் விதிகள் இன்னும் வெளியாகவில்லை. வரைவு அவருடைய மேஜை டிராயரில் இருந்தது. பழைய சமையல் எரிவாயு விதிகளை எடுத்து, ‘எரிவாயு’ என்று வந்த இடத்திலெல்லாம் ‘ஹைட்ரஜன்’ என்று மாற்றிக்கொண்டு வந்தார். அலுவலகத்தில் இதற்கு ‘வரைவு தயாரித்தல்’ என்று பெயர்.

அவர் பொறியாளரைக் கூப்பிட்டார்.

“இதைப் பாருங்க.”

“அவர் சொல்றது சரிதானே சார்? வாசனை கிடையாதே.”

“சரியா தப்பான்னு நான் கேக்கல. எப்படித் தெரிஞ்சுதுன்னு கேக்கறேன்.”

“கீழே முகவரி இருக்கே. போய்க் கேட்டா என்ன?”

“திருட்டுத்தனமா எழுதறவன் உண்மையான முகவரி போடுவானா? முகவரி இருக்கறதாலதான் எனக்குச் சந்தேகமே.”

அன்று மாலையே டிராயருக்குப் பூட்டு வந்தது. அது போதாதென்று பிரின்டரையும் தன் அறைக்குத் தூக்கி வரச் சொன்னார். மறுநாளிலிருந்து அலுவலகமே காகிதம் எடுக்க அவர் அறைக்குள் வந்து போயிற்று. வந்தவர்கள் எல்லாம் மேஜையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

பிறகுதான் பொறி வைக்க முடிவெடுத்தார். விதி பதினான்கு, கசிவு காட்டும் கருவியைத் தரைக்கு அருகே பொருத்துவது பற்றியது. பொறியாளரிடம் கொடுத்த பிரதியில் ‘ஓரடி உயரம்’ என்று எழுதினார். டைப்பிஸ்ட் அம்மாளின் பிரதியில் இரண்டடி. கண்காணிப்பாளர் பிரதியில் மூன்றடி. எந்த அடி கடிதத்தில் வருகிறதோ, அந்த ஆள்தான் கறுப்பாடு.

வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது.

‘விதி பதினான்கு: ஹைட்ரஜன் காற்றைவிட லேசானது, கூரைக்குத்தான் போகும். கருவியை ஓரடியில் வைத்தாலும் இரண்டடியில் வைத்தாலும் மூன்றடியில் வைத்தாலும் அது சும்மாதான் இருக்கும்.’

துணை இயக்குநர் முடிவுக்கு வந்தார். மூன்று பேருமே கூட்டு.

மூவரையும் வரிசையாக நிற்க வைத்துக் கேட்டார். டைப்பிஸ்ட் அம்மாள், “இருபது வருஷத்துல என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை” என்று சொல்லிவிட்டு மாற்றல் மனு எழுதினார். பொறியாளர் மருத்துவ விடுப்பில் போனார். கண்காணிப்பாளர் பேசுவதையே நிறுத்திவிட்டு, காலை வணக்கத்தைக்கூடச் சீட்டில் எழுதி அனுப்பினார்.

வரைவு வீட்டுக்கு வந்தது. பீரோவில், துணிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினார். பூட்டிய பிறகுதான் உறைத்தது. மனைவியின் தம்பி வேலை பார்ப்பது ஹைட்ரஜன் கம்பெனியில்.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் சாப்பிட வந்தான்.

“மூன்றாம் தெருவுல உனக்கு யாரைத் தெரியும்?”

“அங்கதான் அத்தான் எங்க புது பங்க் வருது. டேங்க் இறக்கியாச்சு.”

“ஆக, தெரியும்.”

“டேங்க்கைத் தெரியும்.”

கேள்விகள் முடிவதற்குள் மைத்துனன் கை கழுவிவிட்டான். தட்டில் சாப்பாடு கொஞ்சம்கூடக் குறைந்திருக்கவில்லை. அவன் படியிறங்கியதும் மனைவி தட்டுகளைச் சத்தத்தோடு அடுக்கினாள்.

“அவன் அங்க டேங்க்குக்கு பெயின்ட் அடிக்கறான். அவனுக்கு உங்க விதி எதுக்கு?”

“பீரோ சாவி யார்கிட்ட இருக்கு?”

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “ஓ, இப்ப என் முறையா?” என்று கேட்டாள். அதற்கப்புறம் மூன்று நாள் அந்த வீட்டில் பேச்சே இல்லை; கண்காணிப்பாளரைப் போலச் சீட்டு எழுதக்கூட ஆளில்லை.

இனி எழுதவே கூடாது என்று தீர்மானித்தார். விதி இருபத்திரண்டை மனத்தில் மட்டுமே மாற்றி வைத்துக்கொண்டார். பேனாவைத் தொடவில்லை. யாரிடமும் வாய் திறக்கவில்லை.

புதன்கிழமை கடிதம் வந்தது.

‘விதி இருபத்திரண்டு: காவலாளி தீச்சுடரைக் கண்டவுடன் மணியடிக்க வேண்டும். ஐயா, பகல் வெளிச்சத்தில் ஹைட்ரஜன் எரிவது கண்ணுக்குத் தெரியாது. காவலாளி எதைக் கண்டு அடிப்பார்?’

 தூக்கத்தில் உளறுகிறோமோ என்ற பயத்தில், அன்றிலிருந்து வாயில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு படுத்தார். உலகத்தில் அவர் சந்தேகப்படாமல் விட்டு வைத்திருந்த கடைசி ஆளும் போயாயிற்று.

விஷயம் இயக்குநர் காதுக்குப் போனது.

“பத்து நாள்ல விதி வெளியாகணும்” என்றார் இயக்குநர். “உங்க பிரிவுல ஆளே இல்லை, இருக்கறவர் சீட்டுல பேசறார். அந்தத் தெருக்காரரை விசாரணைக்குக் கூப்பிடுங்க.”

“வர மாட்டாங்க சார். போலி முகவரி.”

திங்கட்கிழமை பத்து மணிக்கு, துணிப்பை ஒன்றைப் பிடித்தபடி அறுபத்தைந்து வயது அம்மாள் ஒருவர் வந்து உட்கார்ந்தார்.

“நீங்கதான் மூன்றாம் தெருக்காரரா?”

“ஆமா சார். புது பங்க் டேங்க்குக்கும் எங்க வீட்டுச் சுவருக்கும் பதினோரு அடி. விதி சரியா இல்லைன்னா மொதல்ல போறது நான்தான்.”

“ஹைட்ரஜனைப் பத்தி உங்களுக்கு யார் சொல்லிக் குடுத்தது?”

அம்மாள் பையிலிருந்து ஒரு கிழிந்த புத்தகத்தை எடுத்து வைத்தார். எட்டாம் வகுப்பு அறிவியல்.

துணை இயக்குநர் அதைத் தள்ளி வைத்தார். குரலைத் தாழ்த்தினார்.

“அம்மா, உங்களை ஒண்ணும் செய்ய மாட்டேன். நான் இன்னும் எழுதாத விதிகூட உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. என் வரைவை உங்களுக்குக் காட்டினது யாரு? அந்தப் பேரை மட்டும் சொல்லுங்க.”

அம்மாளுக்குச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். புத்தகத்தைப் பையில் திரும்ப வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

“உங்க வரைவை நான் பார்த்ததே இல்லை சார், முப்பது வருஷத்துக்கு முன்னாடி சமையல் கேஸ் விதியை இதே ஆபீஸ்ல டைப் அடிச்சது நான்தான், நீங்களும் பேரை மட்டும்தான் மாத்துவீங்கங்கற நம்பிக்கையில எழுதினேன்.”