ஊரின் முதல் பணக்காரர்

ஸ்கார்விக் ஊராட்சி மன்றத்துக்கு உழைக்கும் மக்கள் மேல் திடீரென்று அன்பு பிறந்தது. மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த நார்வே ஊரில் பணக்காரர் என்று இருந்தவர் ஒருவர்தான். சால்மன் மீன் வளர்ப்பும், அந்த மீனை வெட்டிச் சுத்தம் செய்யும் ஆலையும் வைத்திருந்த செவரின். மற்றவர்கள் எல்லோரும் அந்த மீனை வெட்டுகிறவர்கள். ஆகவே, ஊரின் பெரிய பணக்காரர் மேல் வரியை உயர்த்துவது, அந்தப் பணத்தில் முதியோர் இல்லத்தை மூடாமல் காப்பது என்று மன்றம் ஏகமனதாகத் தீர்மானித்தது.

முதலில் கை தட்டியவர் ஒட்வார். மீன் வெட்டியே விரல்கள் மடங்காமல் போனவர். அவர் மனைவி யோருன் பக்கவாதம் வந்து அந்த இல்லத்தில்தான் படுத்திருந்தாள். இல்லத்தை மூடினால் அவளை அக்கரை ஊருக்குக் கொண்டு போய்விடுவார்கள். குளிர்காலத்தில் அக்கரைக்குப் படகு ஓடுவது காற்றின் தயவு. வேலை முடிந்ததும் போய் அவளுக்குக் காபி ஊட்ட வேண்டும். ஒட்வாருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

தீர்மானத்தைக் கொண்டாட பாதாம் பூச்சு வைத்த கேக் வெட்டினார்கள். அந்த ஊரில் எந்த நல்ல காரியமும் கேக்கோடு தொடங்கும். பெரும்பாலும் கேக்கோடு முடிந்தும் போகும்.

செவரின் சுவிட்சர்லாந்தில் வீடு பார்க்கிறார் என்று பேச்சு வந்ததும் மன்றம் நடுங்கியது. பணக்காரர் போய்விட்டால் பணக்காரர் வரியை யாரிடம் வாங்குவது? ஆகவே புதிய வரியின் முதல் செலவாக, பணக்காரர் தக்கவைப்பு அலுவலர் என்ற பதவி உண்டாக்கப்பட்டு, சிவெர்ட் என்ற படித்த ஆள் அதில் அமர்த்தப்பட்டார். செவரின் வீட்டுப் பாதையில் பனியை முதலில் தள்ளினார்கள். அவர் படகுத்துறைக்கு அலங்கார விளக்கு போட்டார்கள். முதியோர் இல்லத்தில் சூப் கொஞ்சம் நீர்த்தது.

செவரினும் கணக்குத் தெரிந்தவர். வரி கட்ட ஆலையிலிருந்து பணம் எடுக்க வேண்டும். எடுக்க வேண்டுமானால் ஆலை சிக்கனமாக நடக்க வேண்டும். வெட்டுகிறவர்கள் விறைத்த கையை நனைத்துச் சூடேற்றிக்கொள்ளும் வெந்நீர்த் தொட்டியை மூடினார். ஒட்வார் போய்க் கேட்டார்.

"என்ன பண்றது ஒட்வார், எல்லாம் நீங்க போட்ட வரி."

"உங்க மேலதானே போட்டோம்?"

"என் மேல போட்டா? நான் என்ன மீனா வெட்டறேன், காசு வர்றதுக்கு?"

திரும்பி வந்து ஒட்வார் இதைச் சொன்னதும், பக்கத்து மேசையில் வெட்டும் ரக்னா கத்தியைக் கீழே வைத்தாள். "மீனை முழுசா அவன்கிட்ட விட்டுட்டு செதிலுக்குக் கை தட்டினோம் பாரு," என்றாள். "இப்ப அந்தச் செதிலையும் நம்மளையே சுரண்டிக் குடுக்கச் சொல்றான்."

வசந்தம் வந்தது. வசந்தத்தில் ஊரே கூடிச் சம்பளமில்லாமல் பொது வேலை செய்யும். அதற்கு டுக்னாட் என்று பெயர். வேலை முடிந்தால் சாசேஜும் காபியும் உண்டு. வராதவரிடம் அடுத்த வசந்தம் வரை யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். இந்த முறை பொது வேலையாகச் செவரினின் படகுக்கொட்டகைக்குச் சாயம் அடிக்கலாம், ஊர் தம்மை நேசிக்கிறது என்று அவருக்குத் தெரியட்டும் என்றார் சிவெர்ட். அது எப்படிப் பொது வேலை என்று ஒட்வார் முனகினார்.

"பெரியவரே, உங்க சம்சாரத்தோட கட்டில் அவரு கட்டற வரியில நிக்குது," என்றார் சிவெர்ட். "அவரு இங்க நிக்கணும்னா கொட்டகை சிவப்பா இருக்கணும்."

ஒட்வார் தூரிகையை எடுத்தார். ஊரே எடுத்தது. செவரின் வந்து எல்லோருக்கும் கை கொடுத்தார், கண்கலங்கினார், சாயம் காய்வதற்குள் சுவிட்சர்லாந்து போய்ச் சேர்ந்தார். லாபம் அவர் பின்னாலேயே போனது. மீனும் வேலையும் நாற்றமும் ஊரில் தங்கின. இல்லத்தை மூடுவதென்று மன்றம் வருத்தத்துடன் தீர்மானித்தது. அதற்கும் கேக் இருந்தது.

ஆனால் பணக்காரர் வரித் தீர்மானம் இன்னும் உயிரோடு இருந்தது. சிவெர்ட்டின் பதவியும் இருந்தது. பணக்காரர்தான் இல்லை. உள்ளதில் பெரியவர் யார் என்று தேடினார்கள். ஒட்வாரின் அப்பா விட்டுப்போன பாறைக் கரை ஒன்று, ஒரு பழைய படகுக்கொட்டகையோடு கடலோரம் கிடந்தது. புல்கூட முளைக்காத இடம். கோடை விடுமுறைக்கு வீடு கட்ட வெளியூர்க்காரர்கள் ஆசைப்பட்டு அதன் விலையை ஏற்றி வைத்திருந்தார்கள். ஆக, ஸ்கார்விக்கின் முதல் பணக்காரர் ஒட்வார்.

சிவெர்ட் வாசலிலேயே காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பெரியவரே என்பது ஐயா ஆகியிருந்தது.

"ஐயாவுக்கு வெளிநாடு போற யோசனை ஏதாவது..."

ஒட்வார் தன் சாயம் போன கம்பளிச் சட்டையைக் குனிந்து பார்த்தார். சிரிப்பு வந்தது. பிறகு யோருனின் நினைவு வந்தது. சிரிப்பு நின்றது.

"சுவிட்சர்லாந்துல ஏரியெல்லாம் நல்லா இருக்குமாமே, தம்பி," என்றார் மெதுவாக.

மன்றம் அவசரமாகக் கூடியது. இல்லம் மூடப்படும், ஆனால் தக்கவைப்புச் செலவாக ஓர் அறை மட்டும் கணப்போடும் ஒரு தாதியோடும் திறந்திருக்கும். அது யோருனின் அறை. ஒட்வார் கட்டப்போகும் வரியைவிட அவரைத் தக்கவைக்கும் செலவு அதிகமாயிற்றே என்று ஓர் உறுப்பினர் கேட்டார். செவரினுக்கும் அப்படித்தான் செய்தோம், இதுதான் மன்றத்தின் நடைமுறை என்று தலைவி டோர்டிஸ் விளக்கினார். மற்ற முதியவர்கள் அக்கரைக்குப் படகேறினார்கள். ரக்னாவின் அம்மாவும் ஏறினாள்.

அடுத்த வசந்தத்தில் டுக்னாட் ஒட்வாரின் படகுக்கொட்டகையில் நடந்தது. யோருனுக்குக் காபி ஊட்டிவிட்டு அவர் வந்தபோது, ரக்னா ஏணியில் நின்று சாயம் அடித்துக்கொண்டிருந்தாள். காற்று பலமாக இருந்ததால் அந்த வாரம் முழுக்க அக்கரைக்குப் படகு ஓடவில்லை.

"யோவ் ஒட்வார், இது காயறதுக்குள்ள நீயும் போயிடாதே," என்றாள் திரும்பாமலே.

ஒட்வார் பின்னால் நகர்ந்து நின்று கொட்டகையை மேலும் கீழும் பார்த்தார்.

"அது உங்க கையிலதான் இருக்கு, ரக்னா. ஜன்னல் ஓரத்துல பூச்சு மெல்லிசா இருக்கு பாரு."