பன்னிரண்டு குஞ்சும் ஒரு பருந்தும்

மத்தியானம் எண்ணியபோது குஞ்சுகள் பதினொன்றுதான் இருந்தன.

ராசப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் எண்ணினார். பதினொன்றுதான். கயிற்றுக் கட்டிலில் சற்றே கண்ணயர்ந்தது தப்பாகப் போயிற்று. அண்ணாந்து பார்த்தார். தென்னைக்கு மேலே ஒரு பருந்து, அவசரமே இல்லாமல் வட்டமடித்துக்கொண்டிருந்தது.

“அட நாசமாப் போறதே!”

முப்பது வருஷம் முட்டை லாரி ஓட்டியவர் அவர். நாமக்கல்லில் ஏற்றிய முட்டை குவஹாத்தியில் இறங்கும்வரை ஒன்றுகூட விரிசல் விட்டதில்லை என்பார். கேட்டவர்கள் பாதி நம்புவார்கள். அந்தத் தெம்பில்தான், மகள் தனப்பிரியாவின் பிரசவத்துக்காகப் பரமத்தி வேலூருக்குக் கிளம்பிய மனைவி பொன்னாத்தாளிடம், “முட்டையவே காப்பாத்துனவன், குஞ்சக் காப்பாத்த மாட்டனா புள்ள?” என்று மார்தட்டியிருந்தார்.

பொன்னாத்தாள் சிரிக்கவில்லை. ஒரு சேவல் குஞ்சின் காலில் மஞ்சள் துணியைக் கட்டினாள். “புள்ளைக்கு நல்லபடியாப் பொறக்கோணும்னு முனியப்பனுக்கு நேந்துட்டதுங்க இது. இதுக்கு மட்டும் ஏதாச்சும் ஆச்சுன்னா...” என்று பாதியிலேயே நிறுத்திவிட்டு பஸ் ஏறிவிட்டாள். மீதியையும் சொல்லியிருந்தால்கூட ராசப்பன் இவ்வளவு பயந்திருக்க மாட்டார்.

வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டு உண்ணாமலை எட்டிப் பார்த்தாள். “என்னுங்ணா, வானத்தையே பாத்துட்டு நிக்கறீங்க?”

“பருந்து ஒண்ணத் தூக்கிருச்சு அம்மிணி.”

“அடக் கொடுமையே! பளபளன்னு எதையாச்சும் கட்டித் தொங்க உடுங்க. கிட்டயே வராது.”

வீட்டில் பளபளப்பாக இருந்தது மகளின் கல்யாண வீடியோ சி.டி.கள்தான். ஏணி போட்டு முருங்கை மரத்தில் ஏறி ஒவ்வொன்றாகக் கட்டினார். இறங்கி வந்து எண்ணினால் ஒன்பது. போதாக்குறைக்குத் தாய்க்கோழி அந்த மினுமினுப்பில் மிரண்டு, உண்ணாமலை வீட்டு வேலியோரம் போய் நின்று கத்தியது.

“அறிவுகெட்ட கோழி! மேல போனத வேலில தேடுது பாரு” என்று அதை விரட்டிக்கொண்டு வந்தார்.

சாயங்காலம் பொன்னாத்தாள் போனில் கேட்டாள். “குஞ்செல்லாம் நல்லா இருக்குதுங்களா?”

“பன்னெண்டும் இருக்குது புள்ள.”

“அப்படிங்களா? சரிங்க, சரிங்க.”

மறுநாள் ஏரியில் மீன் பிடிக்கும் சின்னண்ணனிடம் பழைய வலை ஒன்றை வாங்கி வந்து, வாசலுக்கு மேலே பந்தலாக இழுத்துக் கட்டினார். கட்டிய வேகத்தில் ஒரு முனை அவிழ்ந்து, பருந்து சிக்க வேண்டிய வலையில் ராசப்பன் சிக்கினார். கைகால்களைப் பிடுங்கி எடுப்பதற்குள் அரை மணி நேரம் ஓடிவிட்டது. இப்போது குஞ்சுகள் ஆறு. நல்லவேளை, மஞ்சள் துணி கட்டிய குஞ்சு அந்த ஆறில் இருந்தது. பருந்து இன்னமும் மேலே வட்டமடித்துக்கொண்டிருந்தது. இத்தனை தின்றும் பசி அடங்கவில்லையே என்று அதைப் பார்த்துத் திட்டினார்.

மூன்றாம் நாள் மஞ்சள் துணிக்காரனை வேட்டி மடிப்பில் கட்டிக்கொண்டார். தீபாவளிக்கு மிச்சமான வெடி ஒன்றை வாசலில் வைத்துப் பற்றவைத்தார். வெடித்த வெடியில் பருந்து அசையவில்லை. உண்ணாமலையின் மாடுதான் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

“ஐயோ, மாடு ஓடுதுங்ணா! எனக்கு முட்டி வலி. நீங்களே புடிச்சுட்டு வந்துருங்க!”

தப்பு அவருடையது, ஓடாமல் முடியுமா? வெண்ணந்தூர் ரோடு வரை ஓடி மாட்டைப் பிடித்து வந்தார். வாசலில் தாய்க்கோழி மட்டும் நின்றது. ஒரு குஞ்சைக்கூடக் காணோம். மிஞ்சியது மடியில் இருந்தது மட்டும்தான்.

அதை எடுத்து, கோழி அடைக்கும் மூங்கில் கூடையான கொடாப்புக்குள் விட்டுக் கவிழ்த்தார். மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்தார். பக்கத்திலேயே உட்கார்ந்தார். இனி எமனே வந்தாலும் எழுவதில்லை என்று இருந்தார்.

போன் அடித்தது. வாசலில் மணி அடிக்குமே தவிர, பேச்சுக் கேட்காது. தெருமுனைக்கு ஓடினார்.

“புள்ளைய உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க” என்றாள் பொன்னாத்தாள். குரல் கம்மியிருந்தது. “நேந்துட்ட சேவல் பத்திரமா இருக்குதுங்களா?”

“எங்கண்ணு முன்னாலயே நிக்குது.”

திரும்பி வந்தார். கொடாப்பு கவிழ்த்தபடியே இருந்தது. கல் வைத்தபடியே இருந்தது. உள்ளே குஞ்சு இல்லை.

பருந்து கல்லை இறக்கி, கூடையைத் தூக்கி, குஞ்சை எடுத்துக்கொண்டு, திரும்பவும் கவிழ்த்துக் கல்லையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறது! பறவைக்கு இத்தனை ஒழுங்கு ஏது? இது முனியப்பன் வேலையேதான். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். “சாமி, என்னைய வேணா எடுத்துக்கோ. புள்ளைய உட்டுரு” என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

எவ்வளவு நேரம் போயிற்றோ, போன் மறுபடி அடித்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு தெருமுனைக்குப் போய் எடுத்தார்.

“பேத்திங்க! ரெண்டு பேரும் நல்லா இருக்கறாங்க. வெள்ளிக்கெழம வாரேன், சேவலக் கொண்டுபோய்க் காட்டிட்டு வந்தரலாம்.”

பேத்தி என்ற சந்தோஷத்தைச் சேவல் நினைப்பு கெடுத்தது. ஒரே வழிதான் இருந்தது. உண்ணாமலை வீட்டுக்கு ஓடினார்.

“அம்மிணி, ஒரு பொய் சொல்லோணும். கீரி வந்துச்சுன்னு, நாங்கூட கடிபட்டேன்னு பொன்னாகிட்ட...”

உள்ளே கீச்கீச்சென்று சத்தம். அடுப்படி மூலையில் ஒரு பெரிய கூடை. பாய்ந்து போய்த் தூக்கினார். பன்னிரண்டும் நொய்யரிசி கொத்திக்கொண்டிருந்தன. நடுவில் மஞ்சள் துணி. அதைப் பார்த்ததும் அவர் கண் நிறைந்துவிட்டது. அடுத்த நொடி கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“அடிப்பாவி! மூணு நாளா நான் வானத்தப் பாத்துச் சாவறேன், பக்கத்து ஊட்ல இருந்துட்டு நீ திருடுனயா? இரு, பொன்னா வரட்டும்!”

உண்ணாமலை முறத்தைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“அக்காதானுங்ணா பஸ் ஏறறப்பச் சொல்லிட்டுப் போச்சு: ‘அவரு அசரும்போதெல்லாம், பருந்து தூக்கறதுக்குள்ள நீ தூக்கிரு’ன்னு.”