அக்காவை வியாபாரியாக்கிய கதை

ஒருவரை மனதாரப் புகழ்ந்தால் அவருக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் நினைப்போம். வருமான வரி அலுவலகத்தில் அப்படி நினைக்கக் கூடாது. இதை நான் 1991-இல், என் அக்காவின் செலவில் கற்றுக்கொண்டேன்.

கஸ்தூரி அக்கா சேரப்பணஞ்சேரியில் ஆரம்பப் பள்ளி டீச்சர். சீட்டுக் கட்டிய பணத்தில் சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப் பக்கம் ஒரு சின்ன வீடு வாங்கி, எட்டு வருஷம் வாடகைக்கு விட்டிருந்தாள். மகளை மெட்ராஸில் படிக்க வைப்பதற்காக அதை விற்றாள். கம்பெனிகள் வரத் தொடங்கிய நேரம்; நல்ல விலை கிடைத்தது. பின்னாலேயே வரி ஆபீஸ் கடிதமும் வந்தது. அந்த லாபம் வியாபார வருமானமா, மூலதன ஆதாயமா? முதலீடாக வைத்திருந்த வீட்டை விற்றாள் என்றால் வரி கொஞ்சம்தான். விற்று லாபம் பார்க்கவே வாங்கினாள் என்றால் அது வியாபாரம். மகளின் படிப்புப் பணத்தில் பெரும்பங்கு போய்விடும்.

நான் அப்போது ஓர் ஆடிட்டரிடம் குமாஸ்தா. எங்கள் வீட்டில் எனக்குச் சட்ட மேதை என்று பெயர். (பரப்பியவன் நானேதான்.) ஆடிட்டர் வெளியூரில் இருந்ததால் அக்காவுடன் நான் போனேன். இரவல் டை வேறு கட்டியிருந்தேன்.

அதிகாரி கண்ணாடி போட்ட சாதுவான மனிதர். வாடகை ரசீதுகளைப் புரட்டிவிட்டு, கிட்டத்தட்ட மூடப் போன ஃபைலின் மேல் கை வைத்தபடி கேட்டார்: "எதுக்காகம்மா இந்த வீட்டை வாங்கினீங்க?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் நான் பாய்ந்தேன்.

"எங்க அக்கா சாமானியப்பட்டவங்க இல்ல சார். அந்தப் பக்கம் ஃபாக்டரி வரும், விலை ஏறும், வித்தா கொட்டும்னு அன்னிக்கே கணக்குப் போட்டுத்தான் வாங்கினாங்க. அப்படி ஒரு மூளை!"

அதிகாரி ஃபைலை மறுபடி திறந்தார். பேனா மூடியைக் கழற்றினார். "அப்படின்னா இது வியாபாரம்தான்" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். என் கழுத்தில் டை தானாகவே இறுகியது.

அக்கா என்னைப் பார்க்கக்கூட இல்லை.

"சார், கொஞ்சம் நிறுத்துங்க. நான் வூடு வாங்கின அன்னிக்கு இவன் பத்தாவது ஃபெயிலாயிட்டு, போர்வைய போத்திகினு அழுதுகினு இருந்தான். நான் இன்னா நெனச்சு வாங்கினேன்னு இவனுக்கு எப்படித் தெரியும்?"

அதிகாரியின் பேனா நின்றது.

"ஏறும்னு வித்துப்போட வாங்கினவ எட்டு வருசம் வாடகை வாங்கிகினு, வருசா வருசம் ஓடு மாத்திகினு இருப்பாளா? அந்த வாடகைய வருசம் தவறாம உங்ககிட்டயே காட்டிக்கீறேன். நல்ல வெலைக்கு வித்தேன், இல்லன்னு சொல்லல. எங்கப்பாகூட ஒருவாட்டி எங்க வூட்டு எருமைய நல்ல வெலைக்கு வித்தாரு. அவரு மாட்டு வியாபாரியா சார்?"

அந்த அறையில் என் முதலாளி இருந்திருந்தால் எழுந்து நின்றிருப்பார். சட்டப் புத்தகத்தில் பக்கம் பக்கமாக இருப்பதை அக்கா ஓர் எருமையை வைத்து முடித்துவிட்டாள். நான் ஒன்றரை வருஷமாகப் படித்தும் எனக்கு விளங்காத விஷயம் அது.

அதிகாரி சிரித்துவிட்டார். எழுதியதைப் படித்துப் பார்த்து, ஒரே கோடாக அடித்தார். "சரி டீச்சர், மூலதன ஆதாயம்தான்" என்றார். என் பக்கம் திரும்பி, "தம்பி, நீங்க சீக்கிரம் ஆடிட்டர் ஆகணும். எங்க டிபார்ட்மெண்டுக்கு நல்ல வசூல் ஆகும்" என்றார்.

ஊர் திரும்பும் பஸ்ஸில் படப்பை தாண்டும் வரை அக்கா ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பியிருந்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "ஏன்டா, அவ்ளோ மூளையாடா எனக்கு?" என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அந்தப் பணத்தில் படித்த அவள் மகள் இன்று ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். நானும் ஒருவழியாக ஆடிட்டர் ஆகிவிட்டேன். ஆனால் போன வருஷம் என் பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது, "எங்க பொண்ணு இருக்காளே..." என்று ஆரம்பித்தேன். உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருந்த அக்காவின் குரல் கேட்டது:

"யாராவது அவன் வாயப் பொத்துங்க! கல்யாணத்த வியாபாரமாக்கிடுவான்!"