இரண்டு ஜாடிகளும் ஒரு கல்யாணமும்

சிலருக்குப் பயம் வந்தால் வாய் அடைத்துப்போகும். எனக்கோ கை கால் சும்மா இருக்காது. வாய் அதற்கும் மேலே.

எழுபதுகளின் கடைசியில் உத்திரமேரூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக விலங்கியல் வாத்தியாராக இருந்தேன். வேலை நிரந்தரமானால்தான் தன் மகள் கஸ்தூரியைக் கொடுப்பேன் என்று மானாம்பதி மாமா கறாராகச் சொல்லிவிட்டார். அதற்கு ஆய்வுக்கு வரும் அதிகாரி நாலு வார்த்தை நல்லதாக எழுத வேண்டும்.

அன்று காலையிலிருந்தே நிலைகொள்ளவில்லை. எங்கள் ஆய்வகத்தில் (ஆய்வகமாவது ஒன்றாவது, பழைய சைக்கிள் கொட்டகை) பெருமைக்கென்று இருந்தவை இரண்டு ஜாடிகள். ஒன்றில் கணவாய், மற்றதில் பார்க்கப் பல்லி மாதிரி இருக்கும் சாலமாண்டர். துடைத்தேன். இடம் மாற்றினேன். மறுபடி துடைத்தேன்.

"இன்னாத்துக்கு சார் குறுக்கயும் நெடுக்கயும் நடந்துக்கினு கீறீங்க? எனக்கே தலை சுத்துது. குந்துங்க" என்றார் தலைமையாசிரியர்.

குந்தினேன். உடனே எழுந்து இன்னொரு தரம் துடைத்தேன். பெயர்ச்சீட்டுகள் இரண்டும் துணியோடு வந்துவிட்டன. பசை தேடிக்கொண்டிருக்கும்போது அதிகாரி உள்ளே வந்து ஜாடிகளுக்கு எதிரே நின்றார்.

"இது ரெண்டும் எந்த வகுப்பு?"

"ஒன்பதாம் வகுப்பு சார்."

"ஜாடிக்குள்ள இருக்கறதைக் கேக்கறேன்."

"கணவாய் மீன், மீன் இனம் சார். அது பல்லி இனம்." (கணவாய் நத்தைக்குச் சொந்தம், சாலமாண்டர் தவளைக்குச் சொந்தம் என்று முந்தின நாள்தான் பிள்ளைகளிடம் தொண்டை வற்றக் கத்தியிருந்தேன்.)

"சரி. இதுல எது அருகி வர்ற இனம்?"

அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். "கணவாய்தான் சார். நம்ம ஏரியில தேடினாலும் கெடைக்காது. அந்தப் பல்லி வூட்டுக்கு வூடு கீது."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "நம்ம நாட்டுல டார்ஜிலிங் பக்கத்து மலையில கொஞ்சம் மிச்சம் இருக்கறது, உங்க ஊர்ல வீட்டுக்கு வீடா? நீங்க சொல்ற அருகி வர்ற கணவாயை நேத்து மகாபலிபுரத்துல ரெண்டு தட்டு வறுத்துத் தின்னுட்டேனேய்யா."

நிரந்தரம் ஒரு வருஷம் தள்ளிப்போனது. சேதி எனக்கு முந்தியே பஸ் ஏறி மானாம்பதி போயிருந்தது.

"பல்லிக்கும் தவளைக்கும் வித்தியாசம் தெரியாதவனுக்கு எம் பொண்ணா? நான் வேற எடம் பாக்கறேன்" என்றார் மாமா. என் கை தன்பாட்டில் அவர் வீட்டுச் சொம்பைத் துடைத்துக்கொண்டிருந்தது.

உள்ளேயிருந்து கஸ்தூரியின் குரல் வந்தது. "வேற எடம்லாம் வாணாம் நைனா. அடுத்த வருசம் நானே சொல்லிக்குடுத்து அனுப்பறேன். மொதல்ல அந்தச் சொம்பை வாங்கி வை."

மறு வருஷம் ஜாடிப் பக்கமே போகாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வேலையும் நிலைத்தது, கல்யாணமும் நடந்தது. ஆனால் இன்றைக்கும் புதிதாக யாராவது வீட்டுக்கு வந்தால் கஸ்தூரி என்னைக் காட்டிச் சொல்வது ஒன்றுதான்.

"இவருதான் என் கணவாய். அருகி வர்ற இனம். பத்திரமா வெச்சிக்கினு கீறேன்."