பட்டன் வழக்கில் நான் வழங்கிய நீதி

வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் எனக்குப் பதவி வந்தது. பதிவுத் தபாலில் வந்தது.

விலங்குகள் பறிமுதல் மறுஆய்வுக் குழுவில் பொதுமக்கள் சார்பு உறுப்பினராக நகராட்சி என்னை நியமித்திருந்தது. கவனிப்பில்லாமல் கிடக்கிறது என்று சொல்லி ஒருவருடைய ஆட்டையோ நாயையோ நகராட்சி கொண்டுபோனால், அது நியாயமாக நடந்ததா என்று பார்ப்பது எங்கள் வேலை. மூன்றே பேர். அதில் ஒருவன் நான்! கூடத்தின் நடுவில் நின்று கடிதத்தை உரக்கப் படித்தேன். இனி நியாயத்தைத் தவிர வேறு எதற்கும் தலை குனிய மாட்டேன் என்று அறிவித்தேன்.

"குனிஞ்சு அந்தக் கட்டிலுக்கடியில என் செருப்பு இருக்கான்னு பாருங்க" என்றாள் மனைவி.

குனிந்தேன். இருந்தது.

"முதல் வழக்கு எதுன்னு போட்டிருக்கா?"

இரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன். ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தேன்.

"பட்டன்."

"நம்ம பக்கத்து வீட்டுத் தையல்காரர் நாயா? அப்பாடா!" அவள் கைதட்டினாள். "ஏங்க, மனுஷன் அஞ்சு நாளா மிஷின்ல கை வைக்கலை. சபையில அவருக்கு நாலு வார்த்தை பேச வராது. அவருக்காக நான்தான் பேசப்போறேன், பேர் கொடுத்தாச்சு. நீங்க நீதிபதி, நான் வக்கீல். பிச்சு உதறிடலாம்!"

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். பட்டனைப் பற்றி நகராட்சிக்குப் புகார் எழுதியதே நான்தான்.

மதியம் நான் கண்ணை மூடினால் பட்டன் வாயைத் திறக்கும். எத்தனை நாள் பொறுப்பது? ஒரு வேகத்தில், பெயர் போடாமல், இரண்டு பக்கம் எழுதினேன். முடி கொட்டிக் கிடக்கிறது, எலும்பு தெரிகிறது, தண்ணீர்க் கிண்ணம் ஒரு வாரமாகக் காய்ந்திருக்கிறது. எல்லாம் கண்ணால் பார்த்ததுதான். காரணத்தைத்தான் பார்க்கவில்லை. யாராவது வந்து தையல்காரரை லேசாகக் கண்டித்துவிட்டுப் போவார்கள் என்று நினைத்தேன். மறுநாளே வண்டி வந்து நாயைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. ரோட்டுப் பள்ளத்துக்கு நாலு வருஷமாக எழுதுகிறேன், ஒரு கூடை மண் வரவில்லை!

விசாரணை நாள். நகராட்சி மாடியில் கூட்டம் பிதுங்கியது. நடுவில் தலைவர், ஓய்வுபெற்ற தலைமை நர்ஸ். அவருக்கு இடப்பக்கம் கால்நடை மருத்துவர், வலப்பக்கம் நான். தையல்காரர் மூலையில், பட்டனின் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"குழுவுல யாருக்காவது இந்த வழக்கோட சம்பந்தம் உண்டா?" என்றார் தலைவர். "இருந்தா இப்பவே எழுந்திரிச்சிடணும்."

"எட்டு வருஷம் முன்னாடி இதுக்கு ஒரு ஊசி போட்டிருக்கேன் மேடம்" என்றார் மருத்துவர்.

"பரவாயில்லை. நீங்க?"

"பக்கத்து வீடு... அவ்வளவுதான்" என்றேன். முதல் வரிசையில் மனைவி தொண்டையைச் செருமினாள்.

நம்பினால் நம்புங்கள், ஐந்து நிமிடத்தில் புகார் எழுதியவன் நான் என்பதே எனக்கு மறந்துவிட்டது! நாயைப் பிடித்த அதிகாரி எழுந்து நின்றதும் எனக்குள் ஒரு சிங்கம் விழித்துக்கொண்டது.

"நாயைத் தூக்கும்போது உரிமையாளர் எங்கே?"

"வீட்டுல இல்லை சார்."

"மருந்துக் கடைக்குப் போயிருந்தேங்க" என்று தையல்காரர் முணுமுணுத்தார். "அதோட தோலுக்குத் தைலம் வாங்க."

கூட்டம் உச்சுக்கொட்டியது.

"நோட்டீஸ் ஒட்டினீங்களா?"

"ஒட்டினோம் சார்."

"எப்ப?"

"தூக்கின பிறகு."

"கழுத்தை அறுத்துட்டுக் கருத்துக் கேக்குறீங்களா? சரி, டாக்டர் பார்த்தாரா?"

"இல்லை சார்."

"பின்ன எதை நம்பித் தூக்கினீங்க?"

"புகாரைத்தான் சார். என்ன ஒரு எழுத்து! படிச்சிட்டு எங்க ஆபீஸே அழுதுடுச்சு."

"அவ்வளவு நல்லாவா இருந்தது?" என்று கேட்டுவிட்டேன்.

மனைவி எழுந்தாள்.

"தலைவரம்மா, பட்டனுக்குப் பதினாலு வயசு. கண்ணு பாதிதான் தெரியும். கிண்ணத்துல தண்ணி வச்சா காலால தட்டி விட்டுடும். அதனால இவர் மணிக்கொரு தடவை தையலை நிறுத்திட்டு வந்து உள்ளங்கையில ஏந்திக் குடிக்க வைக்கிறார். கிண்ணம்தான் காயும். நாய் காயாது."

மருத்துவர் தலையாட்டினார். "காலையில பட்டனைப் பார்த்துட்டுத்தான் வந்தேன். முடி கொட்டுறது வயசு. பட்டினி இல்லை."

"இன்னொண்ணு" என்றாள் அவள். "புகார்ல தேதி, மணி எல்லாம் இருக்கு. ஆனா அவர் வீட்டுக் கொல்லையைச் சுத்தி ஆளுயர மதில். தெருவுல நாப்பத்திரெண்டு வீடு. ஒவ்வொண்ணா ஏறிப் பார்த்தேன். அந்தக் கொல்லை தெரியிற ஜன்னல் ஒண்ணே ஒண்ணுதான். ஒரு வீட்டுக் குளியலறை ஜன்னல். அதுவும் வாளியைக் கவுத்துப் போட்டு ஏறினாத்தான்."

என் முன்னாலிருந்த புகார் நகலை மெல்லக் கவிழ்த்து வைத்தேன்.

"யார் வீடும்மா அது?"

அவள் என்னைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடத் தாம்பத்தியம் என் கண் முன்னால் ஓடியது. அதில் நான் ஜெயித்த காட்சி ஒன்றுகூட இல்லை.

"வேண்டாம் மேடம். புகார் கொடுத்தவங்க பேரை வெளியில சொல்லக் கூடாதுன்னு விதி இருக்கே. பாவம், பாசத்துல எழுதியிருப்பார். ஒரு வாயில்லா ஜீவனுக்காக வாளி மேல ஏறி நிக்கிறதுன்னா சும்மாவா? அந்தப் பாசம் வீணாகக் கூடாது. பட்டனை வீட்டுக்கு அனுப்புங்க. தண்ணி காட்ட, தைலம் தடவ, தினம் மூணு தடவை அந்தப் புண்ணியவானே வரணும்னு உத்தரவு போடுங்க."

"பேர் தெரியாத ஆளை எப்படிம்மா வரவழைக்கிறது?"

"வருவார் மேடம். நான் பொறுப்பு."

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் எல்லோரும் தட்டும்போது நான் மட்டும் சும்மா இருந்தால் சந்தேகம் வராதா? மேசையைத் தட்டி எழுந்தேன்.

"அந்த ஆள் ஒழுங்கா வராட்டி? மேற்பார்வை இல்லாத உத்தரவு உத்தரவே இல்லை!"

தலைவர் என்னை முதல் முறையாக மரியாதையோடு பார்த்தார். "சரியான கேள்வி. மேற்பார்வைக்கு இந்த அம்மாவையே போடுறேன். வாராவாரம் எங்களுக்கு அறிக்கை வரணும்."

பட்டனைக் கொண்டுவந்தார்கள். கயிற்றை அவிழ்த்ததும் அது யாரையும் பார்க்கவில்லை. சரியாகப் பார்க்கவும் முடியாது. அத்தனை பேரின் கால்களையும் முகர்ந்துகொண்டே போய்த் தையல்காரரின் முழங்காலில் முகத்தை வைத்தது. அவர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளங்கையை நீட்டினார். யாரோ அதில் தண்ணீர் ஊற்றினார்கள். நக்கும் சத்தம் மட்டும் கேட்டது. நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், பொய் சொல்லவில்லை.

அந்த உருக்கத்திலேயே உத்தரவு தயாரானது. காலவரை என்ற இடத்தில் 'பட்டனின் ஆயுள் முடிய' என்று தட்டச்சு செய்திருந்தார்கள். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம்.

என் கையெழுத்துதான் இருப்பதிலேயே அழகாக விழுந்திருந்தது.